ஆபேல் அத்தான் கேட்காத பாதி

என் அக்கா ஜெபகுமாரியின் வீட்டுக்காரர் ஆபேலுக்கு உத்தியோகம் மண்டையோட்டில். கேலிக்குச் சொல்லவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறுத் துறையில் இருபத்துநான்கு வருடமாக அட்டெண்டர். கல்லூரியின் பெயர் வேண்டாம், இதில் அவர்களுடைய பிழை ஒன்றும் கிடையாது. பிழை யாருடையது என்பதைத்தான் சொல்லப்போகிறேன், அதில் என் பங்கும் உண்டு.

தானமாக வந்த உடல்களுக்கு மருந்து ஏற்றுவது, தொட்டியில் வைப்பது, வகுப்புக்கு எடுத்து மேசையில் கிடத்துவது எல்லாம் அத்தானின் வேலை. அவருடைய கைத்திறமை முழுக்கத் தலையில்தான். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நூல் பிடித்து வட்டம் போட்டு, ரம்பத்தால் மண்டையோட்டை மட்டும் அறுத்து, உள்ளே இருக்கிற உறையில் ஒரு கீறல் விழாமல் கழற்றி எடுத்துவிடுவார். அந்த உறை நனைந்த குடைத்துணி மாதிரி கட்டியாக இருக்குமாம். அதை வெட்டி விலக்கினால்தான் மூளை தெரியும். படித்து எம்.டி. வாங்கியவர்களே, “ஆபேல் அண்ணே, இத நீங்களே எடுத்துத் தாங்க” என்று ஒதுங்கிக்கொள்வார்களாம். இதை அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒருமுறை அல்ல, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம், அடக்கம் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் சொல்லியிருக்கிறார்.

சொல்லட்டும், மனுஷனுக்கு ஒரு பெருமை வேண்டாமா? ஆனால் பெருமை பேச்சோடு நிற்கவில்லை. திருவட்டாறு பக்கத்தில் எங்கள் ஊரில் யாருக்கு மண்டையிடி, அதாவது தலைவலி, வந்தாலும் முதலில் ஆபேலைத்தான் தேடுவார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, புருவத்துக்கு மேலே கட்டைவிரலால் அழுத்துவார். “இஞ்ச வலிக்குதா? குனிஞ்சா கூடுதா? சைனஸ்.” பொட்டில் அழுத்துவார். “இது டென்ஷன். மருமவகிட்ட சண்ட போடாத.” ஒற்றைப் பக்கம் விண்விண் என்று தெறிக்கிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை என்றால், “மைக்ரேன். இருட்டுல படுத்துக்க.” எனக்கு மைக்ரேன் என்று முதலில் சொன்னவர் அவர்தான். பிறகு நாகர்கோவில் டாக்டர் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அதையே சொன்னார். அன்றிலிருந்து நானும் அவர் கட்சி.

எல்லாவற்றுக்கும் கடைசியாக அவர் ஒன்று சொல்வார். அதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

“ஒண்ணு தெரிஞ்சுக்க. மூளைக்கு வலி தெரியாது. ஊசி வச்சுக் குத்தினாலும் தெரியாது. எங்க மேடம் வருஷம் தவறாம வகுப்புல சொல்லுவாங்க.”

“பின்ன இந்த இடி எங்கேருந்து வருது?” என்று யாராவது கேட்டால், “எல்லாம் வெளிய உள்ள சங்கதி. தோலு, சதை, கண்ணு, பல்லு. உள்ளேருந்து ஒண்ணும் வராது, பயப்படாத” என்பார். கேட்டவர் பாதி வலி போன மாதிரி எழுந்து போவார்.

மேடம் என்றால் டாக்டர் ஷைஜா, துறைத் தலைவர். அவர் அப்படிச் சொல்வது உண்மைதான். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மூளை வகுப்பு ஆரம்பிக்கிற நாளில் முதல் வாக்கியமே அது. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அத்தான் அந்தச் சலசலப்பில் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவார். மருந்துத் தொட்டியில் கிடந்த மூளைகளைக் குழாய்த் தண்ணீரில் அரைமணி நேரம் கழுவாவிட்டால் பிள்ளைகளுக்குக் கண் எரியும். கழுவி, தட்டில் அடுக்கி, அவர் திரும்பி வரும்போது மேடம் பேசி முடித்திருப்பார். இருபத்துநான்கு வருடம் இதே முறை. அவர் எதைக் கேட்டார், எதைக் கேட்கவில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அவருக்கே தெரியாது.

மே மாதம் எங்கள் சபையில் அசனம். ஊர் மொத்தமும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. முந்தின நாள் பெண்கள் எல்லாரும் கோயில் வளாகத்தில் காய் வெட்ட உட்காருவோம். அக்கா என் பக்கத்தில் இருந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அண்டாக்களை இறக்க வந்த டெம்போ எங்களுக்குப் பின்னால் நின்றது, அதன் பின்கதவு தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டின துண்டுகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு அக்கா எழுந்தாள், கதவின் இரும்பு விளிம்பில் தலையின் வலப்பக்கம் இடித்தது. சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவள் கூடையை விடவில்லை. “பூசணிக்கா தப்பிச்சு” என்று யாரோ சொல்ல, அக்கா உட்பட எல்லாரும் சிரித்தோம்.

அத்தான் அண்டா இறக்குகிறவர்களோடு நின்றார். வந்து, அவள் கூந்தலை விலக்கிப் பார்த்தார். ரத்தம் இல்லை, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். அவர் தன் மண்டையில் மூன்று தட்டுத் தட்டிக் காட்டினார்.

“ரம்பம் வச்சு அறுத்தாலே எனக்குக் கை வலிக்கும். இதுக்கு ஒண்ணும் ஆவாது. ஊருக்கெல்லாம் சொல்லுவேன், எனக்க வீட்டுக்காரிக்கு இதுல சந்தேகமா?”

எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். பெண்கள் பூசணிக்காய்க்குத் திரும்பினோம்.

மூன்றாவது வாரம் அக்காவுக்கு மண்டையிடி ஆரம்பித்தது. வலது கண்ணுக்குப் பின்னாலும் நெற்றியிலும். காலையில் எழும்பும்போது அதிகம், குனிந்தால் அதிகம். அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. இரண்டு வருடம் முன்பு நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்ததிலிருந்து ரத்தம் கட்டாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை உண்டு. அத்தான் கட்டைவிரலால் புருவத்தில் அழுத்திவிட்டு, “மழை தொடங்கியாச்சுல்லா, நீரிறக்கம். சைனஸ்தான்” என்று தீர்ப்புச் சொன்னார். குளித்ததும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்க்கச் சொன்னார். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். தேய்த்தாள். ஆவி பிடித்தாள். “இப்ப எப்பிடிக்கா இருக்கு?” என்று நான் கேட்டபோதெல்லாம், “கொள்ளாம், பரவாயில்ல” என்றாள்.

பேச்சில் சில வார்த்தைகள் அவளுக்கு வழுக்கின. ஜெபக்கூட்டத்தில் வசனம் வாசிக்கும்போது ஒரு வரியை அப்படியே தாண்டிப் போனாள். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். வயது என்று நினைத்தோம். இப்போது எழுதும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது! அப்போது எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது.

ஜூலை முதல் ஞாயிறு, ஆராதனைக்குப் போகிறோம். அக்கா முன்னால், நான் இரண்டடி பின்னால். தார் ரோட்டில் அவளுடைய இடதுகால் செருப்பு கழன்று விழுந்தது. அவள் நிற்கவில்லை. ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் நடந்துகொண்டே இருந்தாள். சுடுகிற ரோடு. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே கூப்பிடாமல் பார்த்தேன். கோயில் படிவரைக்கும் போய்விட்டாள். “அக்கா, செருப்பு எங்க?” என்றதும் குனிந்து தன் காலைப் பார்த்தாள். யாருடையதோ கால் என்பது போலப் பார்த்தாள்.

மத்தியானம் அத்தானிடம் சண்டைக்கே போனேன்.

“நாளைக்கு நான் லீவு போட்டு அக்காவ நாகர்கோவிலுக்குக் கொண்டுபோறேன்.”

“கழுத்தெலும்பு தேஞ்சிருக்கும் நேசா. அதான் காலு மரக்குது. கழுத்துக்கும் மண்டையிடிக்கும் சம்பந்தம் உண்டு. நாளைக்கு வகுப்பு இருக்கு. சனிக்கிழம மேடத்துகிட்ட கேட்டு நல்ல எலும்பு டாக்டரா பாத்துப் போவோம்.”

“ஒருவேளை உள்ள ஏதாவது...”

“உள்ளயா?” சிரித்தார். “எத்தன தலைக்கு உள்ள நான் பாத்திருப்பேன்?”

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள், அவர் தலையைத் திறந்து பார்த்தவர். வாயை மூடிக்கொண்டு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

அதே திங்கட்கிழமைதான் அங்கே மூளை வகுப்பு ஆரம்பம். கல்லூரியில் மோட்டார் மாற்ற ஆள் வருவதால் ஒன்பது மணிக்குமேல் தண்ணீர் இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். அத்தான் எட்டு மணிக்கே மூளைகளைக் கழுவித் தட்டில் வைத்துவிட்டார். வகுப்பு நேரத்தில் அவருக்குப் போக இடமில்லை. ஒரு மூளையைக் கையில் ஏந்தி, பிள்ளைகளுக்குத் தெரிகிற மாதிரி மேடத்தின் பக்கத்தில் நின்றார். பிறகு நடந்ததை ஷைஜா மேடம் எனக்கு ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னார்.

மேடம் வழக்கம்போலத் தொடங்கினார். மூளைக்கு வலி தெரியாது. பிள்ளைகள் வழக்கம்போல வாயைப் பிளந்தார்கள். அத்தான், நான் சொன்னேன் பார்த்தீர்களா என்பது போலப் புன்னகைத்தாராம்.

“அப்போ தலைவலி எங்கிருந்து வருது?” என்று மேடமே கேட்டார். “மூளையைச் சுத்தியிருக்கிற உறைக்கு வலி தெரியும். அங்க போற ரத்தக்குழாய்களுக்குத் தெரியும். முகத்துக்கு உணர்ச்சி கொண்டுபோற அதே ஐந்தாம் நரம்போட கிளைதான் இந்த உறைக்கும் பெரும்பாலும் வருது. அதனால உள்ள இழுபட்டா நெத்தியில வலிக்கும், கண்ணுக்குப் பின்னால வலிக்கும். பாக்கிறவங்க சைனஸ்னு நினைப்பாங்க.”

அத்தானின் புன்னகை நின்றது.

“உறைக்கும் மூளைக்கும் நடுவுல சின்னச் சின்ன சிரைகள் பாலம் மாதிரி போகுது. வயசானா மூளை கொஞ்சம் சுருங்கும், இந்தச் சிரைகள் இழுபட்டு நிக்கும். அப்போ ஒரு லேசான இடி போதும். எலும்பு உடையாது, வெளியே ரத்தம் வராது. உள்ள கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு சேரும். மூணு வாரம், ஆறு வாரம் கழிச்சு தலைவலின்னு வருவாங்க. இடிச்சதே மறந்து போயிருக்கும். ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இன்னும் ஆபத்து. பேச்சு தடுமாறும், தூக்கமா வரும். இடி வலப்பக்கம்னா இடதுகால் பலம் குறையும். செருப்பு கழண்டு விழுந்தாகூடத் தெரியாம நடந்து போவாங்க.”

ஒரு மாணவி கேட்டாளாம், “கவனிக்காம விட்டா?”

“தூங்குவாங்க. அப்புறம் எழுப்ப முடியாது.”

அத்தான் கையிலிருந்த மூளையைத் தட்டில் வைத்தார். சரியாக வைக்கவில்லை, அது சரிந்து மேசைக்கு உருண்டது. இருபத்துநான்கு வருடத்தில் அவர் கை தவறி மேடம் பார்த்ததில்லை. “ஆபேல், என்னாச்சு?” என்று கேட்டதற்கு, “எனக்க வீட்டுக்காரி மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையுறையோடு ஓடினாராம்.

என் போன் அடித்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். வகுப்பில் எடுக்கக் கூடாது, ஆனால் அத்தான் அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆளே இல்லை.

“நேசா, வீட்டுக்கு ஓடு. வேம் போ, சீக்கிரம். அக்கா தூங்கினா எழுப்பு. எழும்புறாளான்னு பாரு.” இடையில் மூச்சு வாங்கியது. “வண்டி பிடிச்சு நாகர்கோவிலுக்குக் கொண்டுவா. நான் அழகியமண்டபத்துல ரோட்டுல நிக்கியேன்.”

பள்ளிக்கூடத்திலிருந்து அக்கா வீடு நடந்தால் பத்து நிமிடம். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வழியில் தெரிந்த ஆட்டோவைக் கையோடு கூட்டிக்கொண்டேன். வாசல் திறந்து கிடந்தது. அடுக்களையில் அக்கா தேங்காய்த் துருவியின் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாடா, விழித்துத்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நொடிதான் மற்றதைப் பார்த்தேன். தேங்காய்முறி தரையில் கிடந்தது. இடதுகை மடியில் செத்தாற்போலக் கிடந்தது. வலதுகை மட்டும் ஒன்றுமில்லாமல் துருவிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

“அக்கா!”

“முடிஞ்சுது நேசா,” என்றாள் குழறலாக. “தேங்கா முடிஞ்சுது.”

நானும் ஆட்டோக்காரரும் அவளைத் தூக்கினோம். நாற்பது வருடம் என்னைத் திட்டியும் தாங்கியும் வந்த உடம்பு என் தோளில் மூட்டையாகச் சாய்ந்தது. அழகியமண்டபம் ஜங்ஷனில் அத்தான் நின்றார். நீல ஏப்ரன், கையில் கழற்றாத உறை. ஜனங்கள் அவரை விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏறியதும் ஆட்டோ முழுக்க மருந்து நெடி. உறைகளைப் பிய்த்து எறிந்துவிட்டு அக்காவின் இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார், நாகர்கோவில் வரைக்கும்.

“தூங்காத ஜெபா. ஏட்டி, தூங்காத. எனக்கப் பேரச் சொல்லு. சொல்லுட்டி!”

பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவளும் சொல்லவில்லை. வழக்கத்தாலா, வாய் வராமலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்கேன் எடுத்தவுடன் உள்ளே கூப்பிட்டார்கள். மூளை அறுவை டாக்டர் சின்ன வயதுக்காரர். அத்தானைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். அந்தக் கல்லூரியில் படித்தவராம்.

“ஆபேல் அண்ணே, நீங்களா? உங்களுக்கு நான் விளக்கணுமா?”

“விளக்குங்க சார்,” என்றார் அத்தான். “எனக்குப் பாதிதான் தெரியும்.”

டாக்டர் திரையைக் காட்டினார். வலப்பக்கம் மண்டையோட்டை ஒட்டி, வாழைக்காய்ச் சீவலை ஒட்டவைத்த மாதிரி ஒரு வளைவு. அவ்வளவும் ரத்தம். அது அழுத்தி, மூளை இடப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தானுக்குப் புரிந்தது. அவர் திரையின் நடுவில் விரலை வைத்தார்.

“நடுக்கோடு எங்க சார்?”

“தள்ளிப் போயிருக்குண்ணே. இன்னைக்கே எடுக்கணும். நாளைக்கு வந்திருந்தா நான் வாக்குச் சொல்ல முடியாது.”

நூற்றுக்கணக்கான மூளைகளை இரண்டு பாதியும் ஒரே அளவாகப் பார்த்துப் பழகினவர் அவர். நடுக்கோடு இல்லாத அந்த இடத்திலிருந்து விரலை எடுக்காமலே நின்றார். நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

மண்டையோட்டில் இரண்டு துளை. தோல் மரக்க ஊசி போட்டு, லேசாக மயக்கி வைத்துத்தான் செய்தார்களாம். உறையைக் கீறினதும் வண்டி ஆயில் போலக் கறுப்பாக வெளியே பீய்ச்சியது என்று டாக்டர் சொன்னார். மாலை ஐந்து மணிக்கு, “அம்மா, இடதுகாலைத் தூக்குங்க” என்றதற்கு அக்கா தூக்கிவிட்டாள் என்று வந்து சொன்னார்கள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒப்பாரி மாதிரி அழுதேன். அத்தான் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அதற்குள் ஊரில் கதை வேறு மாதிரி பரவியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “ஆபேலுக்க அறிவுதான் காப்பாத்திச்சு, வேற யாரா இருந்தா தெரிஞ்சிருக்குமா?” என்றார்கள். ஒருத்தி போகிற போக்கில் அவரிடம் தன் மண்டையிடியைச் சொல்லி நெற்றியைக் காட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “டாக்டர்கிட்ட காட்டு” என்றார். அவள் முகம் தொங்கிப் போயிற்று.

எல்லாரும் போனபின் அக்காவுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். தலையில் கட்டு, வீங்கின கண், ஆனால் பேச்சு பழையபடி தெளிவாக இருந்தது. அத்தான் கட்டிலின் கால்பக்கம் உட்கார்ந்து அவளுடைய இடதுபாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு ரத்தம் கட்டியிருந்துதே, உனக்கு ரொம்ப வலிச்சிருக்குமே ஜெபா?” என்றார். “நான் கேட்டப்பல்லாம் பரவாயில்லன்னியே?”

அக்கா வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினாள்.

“காலம்பற கோழிக்கூட்டுக்குப் பின்னால போய் நின்னு அழுவேன்,” என்றாள். “ஒரு மாசமா. ரெண்டு மூணு மட்டம் வாந்தியும் எடுத்தேன். சாம்பல் போட்டு மூடிட்டு வந்து காப்பி போட்டேன்.”

நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். “பாவி, எனக்கிட்டயாவது சொல்லப்பிடாதா?”

“எப்பிடிச் சொல்லியது? அசனத்துக்கு வந்த அத்தன சனத்துக்கு முன்ன இவங்க ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சு. பின்னயும் நான் வலிக்கு வலிக்குன்னு நடந்தா, இவங்களுக்க வாக்கு பொய்யாவாதா? நாலுபேரு இவங்கள நம்பித்தான வாறாவ.”

பாதத்தைப் பிடித்திருந்த அத்தானின் கை விலகி அவர் மடியில் விழுந்தது. அவரைத் திட்டுவதற்கென்று மூன்று நாளாக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் இனி வேண்டாம் என்று ஆகிவிட்டது. அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கிண்ணத்தை ஒதுக்கினாள்.

“எனக்குப் போதும் நேசா. அவங்களுக்குக் குடு. திங்கக்கிழமையிலேருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டாங்க.”